மலையிறக்கத்தில் பழைய லாரிகள்

லாரியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் குதிரைத்திறனைக் கொண்டே அதை அளக்கின்றனர். 1930-களில் நூற்றைச் சுற்றியே நின்ற திறன் 1970-களில் நானூற்றைத் தொட்டது என்பதே அவ்வரலாற்றின் வழக்கமான சுருக்கம். ஆனால் சுமை ஏற்றிய வண்டியை மலைமேல் ஏற்றுவதைவிட அதைப் பத்திரமாகக் கீழே இறக்குவதே பொறியியலுக்குக் கடினமான கேள்வியாக இருந்தது என்பதையும், அக்கேள்விக்கு ஒரு கருவி விடையாகக் கிடைக்கும்வரை ஓட்டுநரின் காதும் கையும் காலுமே விடையாக இருந்தன என்பதையும் கருத்தில் கொண்டால்தான் பழைய லாரிகளையும், அவற்றை ஓட்டிப் பிழைத்தவர்களின் வாழ்க்கையையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். இதை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளைவிடப் பொருத்தமான களம் இல்லை; கிழக்கிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சரக்கு கொண்டுசெல்லும் எந்த லாரியும் அங்கே மேற்கின் மலைகளையும் அவற்றின் கணவாய்களையும் தாண்டியே ஆக வேண்டும்.

பழைய வண்டிகளைப் போற்றும் அமெரிக்கர்கள் முதலில் குறிப்பிடும் பெயர்களுள் மேக் பி-61 ஒன்று. மேக் நிறுவனம் 1953 முதல் 1966 வரை தயாரித்த பி வரிசையைச் சேர்ந்த அந்த லாரி, வளைந்த மூக்கும் அதன் நுனியில் அமர்ந்த புல்டாக் நாய்ச் சிலையுமாகச் சாலைகளில் நெடுங்காலம் ஓடியது. அதில் பொருத்தப்பட்ட டீசல் எஞ்சின் 673 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 11 லிட்டர் கொள்ளளவு கொண்டதாயினும், அது தந்த திறன் 170 குதிரைத்திறன் மட்டுமே. இன்றைய நடுத்தரக் கார் ஒன்றே எட்டிவிடும் இத்திறனைக் கொண்டு, அக்காலச் சட்டம் அனுமதித்த உச்ச எடையான 33 டன்னை அந்த லாரி இழுத்தது. நூறு மீட்டர் தூரத்துக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையை ஆறு விழுக்காட்டுச் சரிவு என்பர். அத்தகைய ஏற்றத்தில், பல்சக்கரங்களில் விரயமாவதையும் டயரின் உருள்தடையையும் கழித்துக் கணக்கிட்டால், இந்த லாரி மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்ல இயலாது. பத்துக் கிலோமீட்டர் ஏற்றத்தை முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் எஞ்சின் தன் முழுத் திறனிலேயே முழங்கிக்கொண்டிருக்க, ஓட்டுநர் அறை அடுப்படியாகக் காந்தும்.

திறன் குறைவான எஞ்சினுக்குக் கியர்கள் அதிகம் வேண்டும் என்பது இங்கிருந்தே பிறக்கும் விதி. டீசல் எஞ்சின் பயனுள்ள இழுவையைத் தரும் சுழற்சி எல்லை குறுகியது. அக்கால எஞ்சின்கள் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,100 சுழற்சிகளுக்குள்தான் நன்றாக உழைத்தன. நின்ற நிலையிலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை எஞ்சினை இந்தச் சிறு எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமானால், ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையிலான வித்தியாசம் சிறிதாகவும், கியர்களின் எண்ணிக்கை பெரிதாகவும் இருந்தாக வேண்டும். அக்காலப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி, முதன்மைக் கியர்பெட்டிக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு துணைக் கியர்பெட்டியைப் பொருத்துவது. முதலாவதில் ஐந்து, இரண்டாவதில் நான்கு என்றால் இருபது சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றுள் சில ஏறக்குறைய ஒரே விகிதத்தில் அமைந்துவிடுவதால், எவை பயன்படும், எவை பயன்படா என்பதை ஓட்டுநர் மனப்பாடமாக அறிந்திருந்தார். பெட்டிக்கு ஒன்றாக இரண்டு நெம்புகோல்கள் தரையிலிருந்து எழுந்து நின்றன. சில மாற்றங்களில் இரண்டையும் ஒரே கணத்தில் நகர்த்த வேண்டியிருந்ததால், ஸ்டியரிங் சக்கரத்தின் ஆரைகளுக்கு ஊடாக இடக்கையை நுழைத்து, முழங்கை மடிப்பால் சக்கரத்தை நிலைநிறுத்தியபடியே இரு கைகளாலும் இரு நெம்புகோல்களையும் தள்ளினர். சாலையில் ஒரு குழி குறுக்கிட்டுச் சக்கரம் திடீரென்று திரும்பினால் கை முறியும் ஆபத்து உண்டு என்பதை அறிந்தே அதைச் செய்தனர்.

அந்தக் கியர்பெட்டிகளில் சின்க்ரோமெஷ் இல்லை. பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன் இரு பல்சக்கரங்களின் வேகத்தையும் உராய்வின் மூலம் சமப்படுத்தும் சிறு கூம்பு வளையமே சின்க்ரோமெஷ் எனப்படுவது. இன்றைய கார்களில் கியர் தடையின்றி விழுவது அதனால்தான். அது இல்லாத பெட்டியில், வேகத்தைச் சமப்படுத்தும் பொறுப்பு ஓட்டுநருடையதாகிறது. மேல் கியருக்குச் செல்வதற்கு அவர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, 2,100 சுழற்சியில் ஓடிய எஞ்சின் 1,700 அளவுக்குத் தணியும்வரை பொறுத்து, மீண்டும் கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போட்டார். கீழ்க் கியருக்கு இறங்கும்போது இதற்கு நேர்மாறாக, நியூட்ரலில் இருக்கையிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தி எஞ்சினின் வேகத்தைத் தேவையான அளவுக்கு உயர்த்த வேண்டும். தமிழ்நாட்டின் பழைய ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் என்று சொல்லும் முறை இதுவே. அளவு தப்பினால் பற்கள் ஒன்றோடொன்று உரசிக் கதறும், கியர் விழாது.

சரியான கணத்தைக் காட்டியது பெரும்பாலும் காதுதான். எஞ்சின் ஒலியின் சுருதியைத் தீர்மானிப்பது வெடிப்புகளின் எண்ணிக்கையே ஆகும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிகிறது. ஆகவே ஆறு சிலிண்டர் எஞ்சின் 2,100 சுழற்சியில் வினாடிக்கு 105 முறை வெடிக்கும். டெட்ராயிட் டீசல் நிறுவனத்தின் 8வி-71 என்ற எஞ்சினோ இரண்டு வீச்சு வகையைச் சேர்ந்தது; எட்டு சிலிண்டர்களும் ஒவ்வொரு சுழற்சியிலும் எரிவதால் அதே வேகத்தில் வினாடிக்கு 280 வெடிப்புகள் நிகழும். எனவேதான் அந்த எஞ்சின் அலறுவதாகத் தோன்றியது. எஞ்சினை மாற்றிய ஓட்டுநர் தம் காதையும் புதிதாகப் பழக்கிக்கொள்ள நேர்ந்தது.

உச்சியை அடைந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. 33 டன் எடையுள்ள லாரி 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, அது ஏறுகையில் சேமித்த ஆற்றலான ஏறக்குறைய 194 மெகாஜூல் முழுவதையும் எங்காவது விட்டாக வேண்டும். ஆறு விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், டயரின் உருள்தடையும் காற்றின் தடையும் எடுத்துக்கொண்டது போக மீதமுள்ள வெப்பம் ஏறக்குறைய 200 கிலோவாட். இருநூறு இஸ்திரிப் பெட்டிகளை ஒருசேரச் சூடேற்றிச் சக்கரங்களுக்குள் வைத்ததற்கு இது சமம். இந்த வெப்பத்தைத் தாங்க வேண்டியவை வார்ப்பிரும்பாலான பிரேக் டிரம்கள். ஐந்து அச்சுகளில் பத்து டிரம்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிலோ என்று கொண்டால், 194 மெகாஜூலும் அவற்றிலேயே தங்குமானால் வெப்பநிலை 700 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரும். நடைமுறையில் ஒரு பகுதி வழியிலேயே காற்றில் கலந்துவிடுகிறது என்றாலும், எஞ்சியதே ஆளைக் கொல்லப் போதுமானது. அந்நாளில் முன்னச்சில் பிரேக்கே இல்லாமல் ஓடிய லாரிகளும் பல.

சூடேறிய பிரேக் வலுவிழப்பதற்குக் காரணங்கள் இரண்டு. டிரம்மை அழுத்தும் பட்டையில், அதாவது லைனிங்கில், நார்களைப் பிணைத்திருக்கும் பிசின் மிகுந்த வெப்பத்தில் சிதைந்து வாயுவாகி, பட்டைக்கும் டிரம்முக்கும் இடையிலான உராய்வைக் குறைப்பது முதலாவது. இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. இரும்பு சூட்டில் விரிவடைவதால், 42 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கூடி, பட்டையை விட்டு விலகிச் செல்கிறது. அந்த இடைவெளியைக் கடக்கக் காற்றழுத்தத்தால் இயங்கும் தண்டு மேலும் நீள வேண்டும். தண்டின் வீச்சோ ஆறு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுவது. பிரேக் முன்பே சரியாக இறுக்கி வைக்கப்படாமல் இருந்தால், தண்டு தன் எல்லையைத் தொட்டு நின்றுவிடும். அதன்பின் மிதியை எவ்வளவு பலமாக மிதித்தாலும் பட்டை டிரம்மை அழுத்தாது. மலையுச்சியில் வண்டியை நிறுத்தி, கீழே புகுந்து, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் கையால் இறுக்கிவிட்டு இறங்கத் தொடங்கிய பழைய ஓட்டுநர்கள் இந்த ஒன்றரை மில்லிமீட்டருக்கு எதிராகவே உழைத்தார்கள்.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்ற விதி உலகெங்கும் லாரித் தொழிலில் வழங்குகிறது. இதைக் கண்மூடித்தனமான மரபு என்று ஒதுக்க முடியாது என்பதை பி-61 லாரியின் கணக்கே காட்டுகிறது. ஏறிய அதே 17 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் விட வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 75 கிலோவாட் மட்டுமே. அதில் பாதியளவை, சக்கரங்களால் சுழற்றப்படும் எஞ்சினின் உள்ளுராய்வே விழுங்கிவிடும். மீதியை டிரம்கள் காற்றில் விட்டுக்கொண்டே இறங்க முடியும். எஞ்சினின் திறன் குறைவாக இருந்ததே, லாரியை மெதுவாக ஏறவும், ஆதலால் மெதுவாக இறங்கவும் வைத்துக் காப்பாற்றியது. ஆனால் நடு இறக்கத்தில் கியர் மாற்ற முயன்று தவறியவருக்கு இந்தக் காப்பு இல்லை. நியூட்ரலுக்கு வந்த கணத்திலிருந்து வண்டி வேகம் கூடிக்கொண்டே போக, எஞ்சினின் உச்ச சுழற்சியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத நிலை வந்துவிட்டால், பிறகு எந்தக் கீழ்க் கியரும் விழாது.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறியபோது இந்தச் சிக்கல் கூடியது என்பது பலரும் கவனிக்காத செய்தி. பெட்ரோல் எஞ்சினில் உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்த ஒரு தடுக்கிதழ் உண்டு; ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அது மூடிக்கொள்ள, பிஸ்டன்கள் ஏறக்குறைய வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வண்டி தடைப்படுகிறது. டீசல் எஞ்சினிலோ காற்று தடையின்றி நுழைகிறது. எரிபொருளின் அளவு மட்டுமே மாற்றப்படுகிறது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் அழுத்துவதற்குச் செலவிடும் ஆற்றல், அடுத்த வீச்சில் அந்தக் காற்று சுருள்வில் போல விரிந்து பிஸ்டனைத் தள்ளும்போது பெரும்பாலும் திரும்பிவிடுவதால், தடையாக மிஞ்சுவது உராய்வு மட்டுமே.

இதைத் தம் உயிரைப் பணயம் வைத்து அறிந்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஒரு வங்கியாளரின் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்து, அவருடைய முதலீட்டில் 1919-இல் டீசல் எஞ்சின் நிறுவனம் தொடங்கியவர் அவர். டீசல் என்றால் கப்பலுக்கும் ஆலைக்குமான கனத்த எந்திரம் என்று எண்ணிய மக்களுக்கு அது சாலைக்கும் ஏற்றது என்று மெய்ப்பிக்க, 1931-இல் தம் எஞ்சின் பூட்டிய பந்தயக் காரை இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஒருமுறைகூட நிறுத்தாமல் ஓடி முடிக்கச் செய்தார். அதே ஆண்டு, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை டீசல் லாரி ஒன்றை ஓட்டிச் சென்றார். கலிபோர்னியாவின் கேஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் செயலிழந்து லாரி கட்டுக்கடங்காமல் ஓடியது. அடிவாரத்தில் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி நகர்ந்து வழிவிட்ட மறுகணம் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. அந்தக் கணத்தை மறக்காத கம்மின்ஸ், 1950-களின் நடுவில் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகே அதற்கான தீர்வைக் கையிலெடுத்தார்.

அவருடைய தீர்வு எளிமையால் வியக்கவைப்பது. அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளுவதால்தான் டீசல் எஞ்சின் வண்டியைத் தடுப்பதில்லை என்றால், அழுத்தம் உச்சத்தை எட்டும் கணத்தில் புகைவால்வைத் திறந்து அந்தக் காற்றை வெளியே விட்டுவிட்டால் போதும். அழுத்துவதற்குச் செலவான ஆற்றல் திரும்பாமல் புகைக்குழாய் வழியே போய்விடும், எஞ்சினும் சக்கரங்களால் இயக்கப்படும் காற்றழுத்தி ஆகிவிடும். ஆனால் வால்வை அந்தக் கணத்தில் திறக்கச் சொல்லும் கருவி எது? கம்மின்ஸ் எஞ்சின்களில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு நெம்புகோல் அழுத்துகிறது. அழுத்தம் உச்சத்தை நெருங்கும் வேளையில்தான் எரிபொருள் பீய்ச்சப்பட வேண்டும் என்பதால், அந்த நெம்புகோல் தேவையான கணத்திலேயே அசைகிறது. அவ்வசைவை எண்ணெய் நிரம்பிய ஒரு சிறு உருளையின் வழியாகப் புகைவால்வுக்குக் கடத்தினார் கம்மின்ஸ். எஞ்சினின் உள்ளமைப்பில் எதையும் மாற்றாமல், மேல்மூடியைக் கழற்றிப் பொருத்திவிடலாம். துளையிடும் கருவிகளின் சக் தயாரித்துவந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுநர்கள் அதை ஜேக் பிரேக் என்றழைத்தனர். அழுத்தப்பட்ட காற்று ஒவ்வொரு முறையும் சட்டென்று விடுபடுவதால் எழும் படபடவென்ற ஒலியைத் தாங்காமல், ஊர் எல்லையில் எஞ்சின் பிரேக்கைப் பயன்படுத்தாதீர் என்று பலகை வைத்த நகரங்கள் பல.

இக்கருவி உரிய வேளையில் வந்தது என்றே சொல்ல வேண்டும். எஞ்சினின் திறன் 400 குதிரைத்திறனை எட்டியபோது, அதே 33 டன்னோடு அதே சரிவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற முடிந்தது. ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய விதியை அந்த லாரியில் கடைப்பிடித்தால், பிரேக்குகளுக்குப் போய்ச்சேரும் வெப்பம் பி-61 காலத்ததைப் போல மூன்று மடங்கு. பின்னர் வந்த ரேடியல் டயர்களும், காற்றை எளிதாகக் கிழிக்கும் வடிவமைப்பும் எரிபொருளை மிச்சப்படுத்தின. அதே காரணத்தால் இறக்கத்தில் இயற்கையாகக் கிடைத்த தடையையும் குறைத்தன. ஏறியதைவிடக் கீழான கியரில் இறங்க வேண்டும் என்று இன்றைய அமெரிக்கப் பயிற்சிக் கையேடுகள் வலியுறுத்துவது இதனாலேயே.

காற்றுப் பிரேக்கின் அமைப்பிலும் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. தொடக்ககால லாரிகளில் பிரேக்கைப் பிடிக்கவைப்பது காற்றழுத்தம். ஆகவே குழாய் வெடித்துக் காற்று வெளியேறினால் பிரேக்கும் போய்விடும். பின்னர் வந்த ஸ்பிரிங் பிரேக்கில், பலமான சுருள்வில் ஒன்று பிரேக்கைப் பிடிக்கவே முனைந்திருக்க, காற்றழுத்தம் அதை விலக்கி வைக்கிறது. காற்று போனால் வண்டி நிற்கும்.

எந்திரத்துக்குக் கிடைத்த இந்தக் கவனம் அதை ஓட்டிய உடலுக்குக் கிடைக்கவில்லை. பட்டைவில்களின் மேல் நிற்கும் லாரி, வினாடிக்குச் சில முறை மேலும் கீழும் அதிர்வது. மனித முதுகெலும்போ வினாடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான அதிர்வுகளுக்கு மிகுதியாக ஒத்ததிர்வது, அதாவது வெளியிலிருந்து வரும் அசைவைத் தனக்குள் பெருக்கிக்கொள்வது. சுமையற்ற லாரி கூடுதலாக உதறும் என்பது எல்லா ஓட்டுநர்களும் அறிந்தது: வில்லின் விறைப்பு மாறாமல் அதன் மேலுள்ள நிறை குறைவதால் அதிர்வெண் உயர்கிறது. தரையோடு முடுக்கப்பட்ட இருக்கையில் இருபது, முப்பது ஆண்டுகள் அமர்ந்தவர்களுக்கு முதுகுவலி தொழிலின் ஊதியமாகவே சேர்ந்தது. பிரேக் பட்டைகளில் அன்று கலந்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் இழைகள், டிரம்மைத் திறந்து தூசியை ஊதித் துடைத்த மெக்கானிக்குகளின் நுரையீரலில் பல்லாண்டுகள் கழித்து நோயாகத் தலைகாட்டின.

உறக்கத்தைப் பற்றிய சட்டமும் உடலைப் புரிந்துகொண்டு இயற்றப்பட்டதல்ல. லாரி ஓட்டுநர்களின் பணிநேரத்துக்கு 1930-களின் இறுதியிலேயே அமெரிக்க அரசு வரம்பு விதித்தது. ஆனால் 1962-இல் செய்த திருத்தத்துக்குப் பின், பத்து மணி நேரம் ஓட்டி எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் உடனே மீண்டும் ஓட்டலாம் என்றானது. பத்தும் எட்டும் பதினெட்டு. உடலின் உள்கடிகாரமோ ஏறக்குறைய இருபத்துநான்கு மணி நேரச் சுழற்சி கொண்டது. முதல் நாள் காலையில் வேலையைத் தொடங்கியவர் அடுத்த முறை நள்ளிரவிலும், அதற்கடுத்த முறை மாலையிலும் தொடங்க நேர்ந்தது. உடல் உறங்கக் கேட்கும் பின்னிரவில் விழித்து ஓட்டவும், விழிக்கக் கேட்கும் நண்பகலில் ஓட்டுநர் அறைக்குப் பின்னாலுள்ள குறுகிய படுக்கையில் புரளவும் சட்டமே வழிசெய்தது. இந்த அமைப்பு புதிய நூற்றாண்டு பிறந்த பிறகே மாற்றப்பட்டது. அறிவியல் அறிந்த ஒன்றைச் சட்டம் நாற்பதாண்டுகள் கேளாமல் இருந்தது என்பது வருந்தத்தக்கது.

அயோவா மாநிலத்தின் வால்காட்டிலும் வேறு சில இடங்களிலும் அருங்காட்சியகங்கள் இந்தப் பழைய லாரிகளைப் பளபளப்பாகத் துடைத்து வைத்துள்ளன. ஆனால் ஓடாமல் நிற்கும் லாரி அதை ஓட்டியவரின் அறிவில் சிறுபகுதியைத்தான் காட்டும். அந்த அறிவுக்கு மாறாக, இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிடும் பழக்கத்தை அமெரிக்க ஓட்டுநர்கள் ஜார்ஜியா ஓவர்டிரைவ் என்று கேலியாகப் பெயரிட்டு அழைத்தனர். தமிழ்நாட்டில், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் அதே பழக்கம் இன்றும் உயிர்களைப் பறிக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணமே அதற்குத் தூண்டுதல். உண்மையில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றுவதால் எரிபொருள் பீய்ச்சுவது முற்றிலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதோடு எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால், பிரேக்குக்கு வேண்டிய காற்றை நிரப்பும் கம்ப்ரசரும் தேவை மிகுந்த அந்த வேளையில் மெதுவாகவே இயங்குகிறது. தொப்பூரில் இறங்கும் ஓட்டுநர்கள் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ்க் கியருக்கு மாற்றிய பின்பே இறங்கத் தொடங்க வேண்டும். அவ்வாறு இறங்குவதால் ஒரு சொட்டு டீசலும் கூடுதலாகச் செலவாவதில்லை.